கண்ணாடிக் கடலைக் கலைக்கும் முன்

மதுராந்தகத்தில் வாழும் நமக்கு நீர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஏரியே. கிளியாற்று நீரைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும் அப்பேரேரியின் கரையில் நின்றுதான் நம்மில் பலர் மழையின் அளவையும் மகசூலின் அளவையும் கணித்து வந்துள்ளோம். கிழக்கு நோக்கிச் சற்றுத் தொலைவு பயணம் செய்தால் உப்புக் கடல் எதிர்ப்படுகிறது. நன்னீருக்கும் கடல்நீருக்கும் நடுவே வாழும் நம் வட்டாரத்து வீடுகள் சிலவற்றில் மூன்றாவதொரு நீர்நிலையும் இடம் பிடித்துள்ளது. அதுவே வரவேற்பறையில் ஒளிரும் கண்ணாடி மீன் தொட்டி.

இத்தொட்டிகளுள் மிகுந்த செலவும் உழைப்பும் கோருவது கடல்நீர்த் தொட்டி. வண்ண மீன்களோடு பவளப்பாறையின் ஒரு துண்டையே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாற்போன்ற காட்சி அது. காண்போர் வியப்பர், காப்போர் களைப்பர். சில ஆண்டுகள் கழிந்தபின், “இத்தொட்டியை உப்பில்லாத நன்னீர்த் தொட்டியாக்கி, பச்சைப் பசேலென்று நீர்ச்செடிகளை வளர்த்தால் என்ன?” என்ற எண்ணம் குடும்பத்தில் எழுகிறது. நல்ல எண்ணம்தான். ஆயினும் அதை நிறைவேற்றும் முறையில் உயிர்களின் நலமும், சட்டத்தின் மதிப்பும், வீட்டில் உள்ளோரின் உடல்நலமும் அடங்கியுள்ளன என்பதைப் பலரும் உணர்வதில்லை. ஆதலின் இம்மாதம் இதுபற்றிச் சற்று விரிவாக எண்ணிப் பார்ப்போம்.

கடல் வீட்டுக்குள் வந்த கதை

கடல் உயிர்களை வீட்டில் வைத்துக் காக்கும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனா தைன் என்ற அம்மையார், டார்க்கி கடற்கரையில் கண்ட சிறு பவள உயிரிகளைச் சாடியில் இட்டு இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவருடைய கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் பணிபுரிந்த ஆங்கிலிக்கக் குரு. கடல்நீருக்குப் புதிய காற்று வேண்டும் என்பதற்காகத் திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு நீரை மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நாள்தோறும் அரைமணி நேரத்துக்கும் மேலாக வீட்டுப் பணிப்பெண் செய்த வேலை அது! இன்று மின்பம்பு ஓசையின்றிச் செய்யும் பணியை அன்று ஒரு பெண்ணின் கைகள் செய்தன. பின்னர்க் கடற்பாசிகளையும் உடன் வைத்துப் பார்த்தார் அந்த அம்மையார்.

1850இல் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் நன்னீர்த் தொட்டியில் மீனும், நீர்ச்செடியும், நத்தையும் ஒன்றையொன்று தாங்கி வாழக் கூடும் என்பதைச் சோதனை வாயிலாக விளக்கினார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்கள் காணும் மீன் இல்லம் திறக்கப்பட்டது. நம் சென்னையும் இதில் பின்தங்கிவிடவில்லை. 1909ஆம் ஆண்டில் மெரினா கடற்கரையில் கடல்வாழ் உயிர்க் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய காட்சியகங்களுள் அதுவே முதலாவது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், அது மூடப்பட்டது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தொடக்கம் முதலே கடல்நீர்த் தொட்டி ஒரு வழியிலும், செடிகள் வளரும் நன்னீர்த் தொட்டி வேறொரு வழியிலும் வளர்ந்து வந்துள்ளன. கண்ணாடி ஒன்றாக இருக்கலாம். உள்ளே நடக்கும் குடித்தனம் வேறு.

மாற்ற விழைவது ஏன்?

பவள உயிரிகள் ஏறத்தாழ 24 முதல் 28 பாகை செல்சியசு வெப்பத்தை விரும்புவன. நம் சித்திரை வைகாசி வெயிலோ 40 பாகையைத் தொடுகிறது. தொட்டி நீரைக் குளிரூட்ட இயந்திரம் வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். உப்புக் கலவையும், செறிந்த ஒளி தரும் விளக்கும், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவியும் வேண்டும். நடுத்தரக் குடும்பத்தின் மாதச் செலவில் இவை சிறியன அல்ல.

செலவினும் பெரிய கவலை மின்தடை. 2022ஆம் ஆண்டு திசம்பர் 9ஆம் நாள் இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. மரங்கள் சாய்ந்தன, பல இடங்களில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. இத்தகைய இரவுகளில் பவளத் தொட்டியின் நிலை யாது? பம்பு நின்றதும் நீரோட்டம் நிற்கிறது. நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது. சில மணி நேரத்தில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து தவிக்கின்றன. குறைந்த மீன்களும் மிகுந்த செடிகளும் உள்ள நன்னீர்த் தொட்டி இத்தகைய தடையைப் பெரும்பாலும் பொறுத்துக் கொள்ளும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது மனச்சான்றைத் தொடுவது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 பவளத் தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எனப் பல பத்தாண்டுகளாகப் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. அரணாக நின்ற பாறை போனதால் அலைகள் கரையை அரித்தன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. எஞ்சியவற்றைக் காக்க 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பாறை கட்டும் பவளங்களும், கடல்விசிறிகளும், கடற்குதிரைகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து எடுத்த பவளத்தை விற்பதும், வாங்குவதும், வைத்திருப்பதும் குற்றமாகும். “கடையில் விற்றார்கள், வாங்கினோம்” என்பது தகுந்த மறுமொழி ஆகாது.

மீன்களின் நிலை சற்று வேறு. கோமாளி மீன் எனப்படும் ஆரஞ்சு நிறக் கடல்மீனை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துள்ளன. எனினும் கடைகளில் காணும் கடல் அலங்கார மீன்களுள் மிகப் பல இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவையே. சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் காணும் நன்னீர் அலங்கார மீன்களோ பெரும்பாலும் பண்ணைகளிலும் வீட்டுத் தொட்டிகளிலும் பிறந்தவை. அத்தொழிலால் வாழும் குடும்பங்கள் பல.

நீரை மாற்றினால் போதாதா?

“உப்புநீரைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு நன்னீரை ஊற்றி வந்தால் மீன்கள் பழகிக் கொள்ளாவோ?” என்று கேட்பார் உளர். கேள்வி இயல்பானதே. விடை, பழகா என்பதுதான். காரணத்தைக் காண்போம்.

கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. கடல்மீனின் குருதியில் உள்ள உப்பு அதனினும் மிகக் குறைவு. இதனால் அதன் உடலிலிருந்து நீர் இடையறாது வெளியே இழுக்கப்படுகிறது. ஊறுகாய்ச் சாடியில் உப்பிட்ட மாங்காய் நீர் விடுவதை நம் இல்லத்தரசியர் அறிவர். அதே நியதிதான் இங்கும். இழப்பை ஈடுசெய்யக் கடல்மீன் ஓயாமல் நீரைக் குடிக்கிறது. உடன் வரும் மிகை உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. நன்னீர் மீனுக்கு நேர்மாறான நிலை. அதன் உடலினுள் நீர் தானாகவே புகுந்து கொண்டிருக்கும். எனவே அது நீரைக் குடிப்பதில்லை. நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழித்து, உப்பைச் செவுள்களின் வழியே தேடிச் சேர்த்துக் கொள்கிறது. ஒன்றின் உடல் செய்யும் வேலைக்கு எதிரான வேலையை மற்றதன் உடல் செய்கிறது. பவள மீனை நன்னீருக்கு மாற்றுவது அதற்குப் பழக்கம் கற்பிப்பதாகாது. அதன் உயிரைப் பறிப்பதாகும்.

இரு நீரிலும் வாழவல்ல மீன்களும் உண்டு என்பது உண்மையே. பாலாறு வயலூருக்கருகே கடலைச் சேரும் கழிமுகத்தையும், முட்டுக்காட்டு உப்பங்கழியையும் கண்டோர் இதை அறிவர். மழைக்காலத்தில் உப்புக் குறைந்தும் கோடையில் மிகுந்தும் மாறும் அந்நீரில் மடவையும், பால்மீனும், கொடுவாவும் வாழ்கின்றன. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுக்கூடம் அமைந்திருப்பதும் இதனாலன்றோ? ஆனால் இவை கழிமுகத்து மக்கள். வீட்டுக் கடல் தொட்டியில் உள்ளவை பெரும்பாலும் பவளப்பாறையின் மக்கள். அங்கே உப்பின் அளவு ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். மாற்றத்தைத் தாங்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

கண்ணுக்குத் தெரியாத பணியாளர்

மீனையும் பவளத்தையும் தவிர, தொட்டியில் மற்றொரு கூட்டம் வாழ்கிறது. மணலிலும், பாறையிலும், வடிகட்டியிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களே அவை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக்குகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. இது பெரும் தீங்கற்றது. கடல் உப்பில் பழகிய இந்தப் பணியாளர்கள் திடீரென நன்னீரைக் கண்டால் வேலையை நிறுத்திவிடுவர். பெரும்பாலும் மடிந்தும் போவர். பாறையின் துளைகளில் குடியிருந்த புழுக்களும் கடற்பஞ்சுகளும் மடிந்து அழுகும். பழைய பாறையையும் மணலையும் அப்படியே வைத்து நன்னீரை நிரப்பினால், தெளிந்த நீர் இரண்டொரு நாளில் நாறத் தொடங்குவது இதனால்தான்.

கடைசியில் எஞ்சும் நைட்ரேட்டைப் பற்றியும் ஒரு சொல். பவளப்பாறைகள் ஊட்டம் மிகக் குறைந்த தெள்ளிய நீரில் வாழ்வன. ஆகவே பவளத் தொட்டியில் நைட்ரேட்டு வேண்டாத விருந்தாளி. அதை அகற்றவே பாதிச் செலவு. செடித் தொட்டியிலோ அதுவே உரம். இவ்வுண்மையை நம் வட்டாரத்து உழவர் நெடுங்காலமாக அறிந்துள்ளனர். வேடந்தாங்கல் ஏரியின் மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் விழுகிறது. அந்த நீர் வயலுக்குப் பாய்ந்து பயிரை வளர்க்கிறது. அதனால் ஊரார் பறவைகளைச் சுட விடாமல் காத்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் அவர்தம் உரிமைக்கு அரசின் ஒப்புதலையும் அளித்தார். பறவையின் எச்சம் பயிருக்கு உணவாவதுபோல, மீனின் கழிவு செடிக்கு உணவாகும். செடித் தொட்டி என்பது வேடந்தாங்கலின் சிறு உருவமே.

முறையாகச் செய்வது எங்ஙனம்?

முதற்கடமை உயிர்களுக்கு இடம் தேடுவது. தொட்டியில் கை வைக்குமுன், மீன்களை ஏற்றுக் காக்க வல்லவர் ஒருவரைக் கண்டறிதல் வேண்டும். கடல் தொட்டி வைத்திருக்கும் மற்றொரு குடும்பமோ, மீனை வாங்கிய கடையோ இதற்கு உதவக் கூடும். பல நாள் தொட்டியில் இருந்த மீனையோ பவளத்தையோ மாமல்லபுரக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று அலையில் விட்டுவிடுவது இரக்கச் செயல்போல் தோன்றும். ஆனால் அது தவறு. வேறு கடலில் பிறந்த உயிரும், அதனோடு வரும் நோயும் நம் கடலுக்குக் கேடு செய்யலாம். உயிருள்ள பவளம் இருப்பின் வனத்துறை அலுவலரை அணுகிச் சொல்வதே நேர்மையான வழி.

இரண்டாவது, குடும்பத்தின் உடல்நலம். பவளப்பாறைத் துண்டுகளில் பொத்தான்போல் ஒட்டி வளரும் சிலவகை உயிரிகளிடம் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பாறையைச் சுத்தம் செய்வதற்காகக் கொதிநீரில் இடுவதும், வறட்டுத் தூரிகையால் தேய்ப்பதும் அந்நஞ்சைக் காற்றில் பரப்பும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுசயர் மாவட்டத்தில், வீட்டுத் தொட்டியிலிருந்து பவளத்தை அகற்றியபோது குடும்பம் முழுவதும் நோயுற்று மருத்துவமனை சேர நேர்ந்தது. உதவிக்கு விரைந்த பணியாளரும் பாதிக்கப்பட்டனர். ஆகவே பாறையை எக்காரணம் கொண்டும் அடுப்பில் ஏற்றவேண்டாம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, பாறையை நீருக்குள் இருக்கும்போதே வாளிக்கு மாற்றுதல் வேண்டும். குழந்தைகளை அவ்வறையில் இருக்கவிடலாகாது. மின்கருவிகளின் இணைப்பை முன்னரே துண்டித்துவிட வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது, உப்பு. நான்கடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியில் சுமார் 250 லிட்டர் நீர் கொள்ளும். அதில் கரைந்துள்ள உப்பு ஏறத்தாழ ஒன்பது கிலோ! இதனைத் தோட்டத்திலோ, தென்னையின் அடியிலோ, கிணற்றுப் பக்கத்திலோ கொட்டலாகாது. உப்பு எளிதில் மண்ணில் புகும், எளிதில் வெளியேறாது. கடலோரச் சிற்றூர்களில் கிணறுகள் உவர்ப்பாகி மக்கள் படும் பாட்டை நாம் கண்டிருக்கிறோம். நெம்மேலியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013இலும், பதினைந்து கோடி லிட்டர் நிலையம் 2024இலும் தொடங்கப்பட்டன. நீரிலிருந்து உப்பைப் பிரிப்பதற்கு எத்துணைப் பெரிய ஏற்பாடு தேவைப்படுகிறது பாருங்கள்! கடல் தொட்டி வைத்திருப்போர் யாரேனும் விரும்பினால் அந்நீரை அவருக்கே தந்துவிடலாம். இல்லையேல் பல நாள்களில் சிறிது சிறிதாக, மிகுந்த நீருடன் கலந்து கழிவுநீர் வழியில் விடலாம்.

தொட்டியைக் காலி செய்தபின் வெண்ணிறமாகப் படிந்திருக்கும் சுண்ணாம்புப் பொருக்கை வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் அது கரையும். சோப்பு வேண்டாம். பின்னர் இருமுறை நன்னீர் நிரப்பி வடித்தால் போதும். கணக்கு எளிது. அடியில் ஐந்து லிட்டர் கடல்நீர் தங்கியிருக்க, 250 லிட்டர் அளவுக்கு நன்னீர் நிரப்பினால் லிட்டருக்கு 0.7 கிராம் உப்பு நிற்கும். மீண்டும் அவ்வாறே வடித்து நிரப்பினால் 0.014 கிராமாகக் குறைந்துவிடும். பம்பையும் குழாய்களையும் இவ்வாறே கழுவவேண்டும். நிரப்பிய தொட்டியை ஒருநாள் அப்படியே விட்டுக் கசிவு உண்டா எனப் பார்ப்பது நன்று. முன்பு மீன்நோய்க்குச் செம்பு கலந்த மருந்து இட்டிருந்தால், அத்தொட்டியில் நத்தையோ இறாலோ விடுவதைத் தவிர்க்கவேண்டும்.

எதனை வைத்துக்கொள்வது, எதனை விடுவது?

கண்ணாடியும், மேசையும், பம்பும் பயன்படும். நுரை பிரிக்கும் கருவி உப்புநீரில்தான் பயன் தரும், நன்னீரில் பயனில்லை. பவள மணலும் பாறையும் கட்டாயம் வெளியேற வேண்டும். அவை சுண்ணாம்பு, நீரின் காரத்தன்மையைக் கடல்நீரின் அளவான 8.2ஐ நோக்கி உயர்த்திக் கொண்டேயிருக்கும். நன்னீர்ச் செடிகளில் பல ஏழையொட்டிய அளவையே விரும்புவன. புதிய மணலைச் சோதிக்கச் சமையலறையே போதும். ஒரு கரண்டி மணலில் சில துளி வினிகர் விடுக; பொங்கி நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. கடற்கரை மணல் இச்சோதனையில் தேறாது. அதில் சிப்பித்தூள் கலந்திருக்கும்.

எருவிடாத தோட்டமண்ணைச் சலித்து ஓரங்குல உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் இரண்டங்குலம் சிறு கூழாங்கல் இட்டால் செடி வேரூன்றும். பவளத்துக்கான நீல ஒளி விளக்கு செடிக்கு ஏற்றதன்று, வெண்மையான எல்.இ.டி. விளக்கை நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் எரித்தால் போதும். அதனினும் மிகுந்தால் செடிக்கு முன் பாசியே வளரும்.

செடிகளைத் தேடித் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் நம் நீர்நிலைகளில் வளர்பவை; ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரையும் பொறுப்பவை. ஏரிக்கரையின் ஈரத்தில் படரும் நீர்ப்பிரம்மி, நீருக்குள்ளும் அழகாக வளரும். குளங்களில் மிதக்கும் கொட்டியும் தொட்டிக்கு ஏற்றதே. வெளியிலிருந்து கொணர்ந்த செடியை ஒரு வாரம் தனி வாளியில் வைத்துக் கழுவிய பின்னரே நடவேண்டும். நத்தை முட்டையும் அட்டையும் உடன் வரக்கூடும். பறவைகள் சரணாலயமான வேடந்தாங்கலிலிருந்து எதையும் எடுக்கலாகாது. குழாய் நீராயின் குளோரின் நீங்க ஒருநாள் திறந்து வைத்து ஊற்றுக.

காத்திருக்கும் காலம்

செடி நட்ட அன்றே மீன் வாங்கி விடவேண்டும் என்று குழந்தைகள் துடிப்பர். இங்கேதான் பெற்றோரின் உறுதி தேவைப்படுகிறது. நுண்ணுயிர்க் கூட்டம் புதிதாகக் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை ஒரு சிட்டிகை மீனுணவை நீரில் இட்டு வந்தால் அந்நுண்ணுயிர்கள் பெருகும். நீர் கலங்கும், கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும், சில இலைகள் அழுகும். அஞ்சவேண்டாம். அழுகிய இலையை அகற்றி, வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுக. கடைகளில் கிடைக்கும் சோதனைத் துளிகளால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று உறுதி செய்த பின்னரே நான்கைந்து சிறு மீன்களை விடலாம். கப்பி மீன் தொடக்கத்துக்கு ஏற்றது. தங்கமீன் செடியைத் தின்னும்.

நன்னீர் என்பதாலேயே எல்லாம் குற்றமற்றது என்று எண்ணிவிடவும் கூடாது. கேரளத்து மலையாறுகளில் வாழும் ‘மிஸ் கேரளா’ என்ற அழகிய மீன், அலங்கார மீன் வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் அருகி, அழிவின் விளிம்பை நோக்கிச் சென்றது. எனவே மீன் வாங்கும்போது, அது பண்ணையில் பிறந்ததா எனக் கேட்டு வாங்குவது வாங்குவோர் கடமை.

மறவாதிருக்க வேண்டிய இறுதிக் கட்டளை ஒன்றுண்டு. தொட்டியில் மிகுந்துபோன மீனையோ செடியையோ ஏரியில் விடாதீர்கள். அழகுக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை எத்தனை ஏரிகளை மூடிவிட்டது என்பது கண்கூடு. தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று விற்கப்படும் தென்னமெரிக்கச் சக்கர் மீன், சிறிதாக இருக்கும்போது தொட்டியில் அடங்கும். அடிக்கணக்கில் வளர்ந்ததும் அடங்காது. அவ்வாறு கைவிடப்பட்டவை இன்று தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, வலைகளைக் கிழித்து மீனவரின் பிழைப்பைக் கெடுக்கின்றன. மதுராந்தகம் ஏரியின் கரையைப் பல தலைமுறையினர் மண் சுமந்து காத்தனர். கரை உடையாமல் காப்பது மட்டும் காவலன்று. உள்ளிருக்கும் உயிர்கள் கெடாமல் காப்பதும் காவலே.

அன்புக் குடும்பங்களே, ஒரு தொட்டியைக் கலைப்பதில் இத்துணை ஒழுங்கா என்று சிலர் நகைக்கலாம். நாம் விரும்பி வீட்டுக்குள் அழைத்த உயிர்களுக்கு, நம் விருப்பம் மாறிய பின்னும் நாமே பொறுப்பு. அவற்றுக்கு இடம் தேடித் தந்துவிட்டுத் தொட்டியைக் கலைப்போம். உப்பை நிலத்தில் சேரவிடாமல் அகற்றுவோம். பிறகு பொறுமையுடன் காத்திருப்போம். இவ்வரிசையைக் குழந்தைகளோடு சேர்ந்து, அவர்களுக்குக் காரணம் சொல்லிச் செய்யும் இல்லத்தில், அடுத்த மழைக்காலத்துக்குள் வாலிஸ்நேரியாவின் நீண்ட இலைகள் நீர்மட்டத்தைத் தொட்டு வளைந்து நிற்கும். ஏரியின் ஒரு மூலை வீட்டுக்குள் வந்து அமர்ந்தாற்போல் இருக்கும் அது.